தருகு போக எண்பத்தைந்து

நூறு வந்தால் பெங்களூரு, வராவிட்டால் குவைத். அந்தத் தை மாதம் முழுக்க பிரமிளாவின் வீட்டில் இது ஒன்றுதான் பேச்சு.

நூறு என்றது குதிரைத்திறனை. அவள் புருஷன் சிரஞ்சீவி சித்தூரில் ஒரு சின்ன மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். பதின்மூன்று வருஷம் ஓடிக் களைத்த ஒரு வெள்ளைக் காரை வாங்கிப் போட்டு, கிடைத்த நேரமெல்லாம் அதன் எஞ்சினோடுதான் குடித்தனம் நடத்தினான். கழற்றினான், தேய்த்தான், சில பாகங்களை மாற்றினான், மறுபடி பூட்டினான். கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது அந்த எஞ்சினின் பலம் எண்பத்தொரு குதிரை. பெங்களூரில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டித் தரும் சண்முகம் ஒருநாள் அந்த வழியாகப் போனவர், ஷெட்டில் நின்று அதைப் பார்த்தார். அரைமணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிளம்பும்போது, "இத்த நூறாக்கிக் காட்டுடா. காட்டினா பொண்டாட்டியக் கூட்டிக்கினு எங்கிட்ட வந்துடு. எஞ்சின் ரூம் உன்னுது" என்றார்.

இந்தப் பக்கம் பிரமிளாவின் அண்ணன் மணிவேல், நகரியில் இருந்துகொண்டே யார் யாரையோ பிடித்து, குவைத்தில் ஒரு லாரி யார்டில் மெக்கானிக் வேலைக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டான். மாசி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

சிரஞ்சீவி போகக்கூடாது என்பதுதான் பிரமிளாவின் ஆசை. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் அண்ணன் வாங்கிக் கொடுத்த விசாவைத் தானே வேண்டாம் என்று தள்ளி, நாளைக்குப் பெங்களூரும் சரிப்படாமல் போனால்? "உன்னாலதான்" என்று யாராவது ஒருநாள் சொல்லிவிட்டால்? அதற்கு எண்ணே பேசட்டும் என்று இருந்துவிட்டாள். நூறு வந்துவிடும் என்று அவளுக்கு உள்ளூர நம்பிக்கை. அதனால்தான் அம்மா போனில் அழுதபோதுகூட, "போனாத்தான் இன்னாம்மா இப்போ? ரெண்டு வருசம், கண்ண மூடித் தெறந்தா ஓடிப்பூடும்" என்று தைரியமாகச் சமாதானம் சொன்னாள்.

எஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோ மெஷின் திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில் ஒரு இடத்தில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வெள்ளைக் காரிலேயே இருவரும் கிளம்பினார்கள்.

"ஏசி போடேன் மாமா."

"இன்னிக்கி இது மாப்ள. மாப்ளய வேல வாங்கக்கூடாது."

"அப்போ பொண்ணு யாரு? நானா?"

"நீ மாமியாரு. மூஞ்சப் பாரு, எப்டி வெச்சிக்கினு வர்ற."

பிரமிளா சிரித்துவிட்டாள். சந்திரகிரி தாண்டி மலை கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாமே வேண்டிக்கின?"

"நூறு வந்தா மொட்ட."

"ஐயோ, உனுக்கு எதுக்கும்மே? இவ்ளோ முடிய வெச்சிக்கினு..."

"எனுக்குன்னு யாரு சொன்னது? உனுக்குத்தான் வேண்டிக்கினேன்."

அவன் ஸ்டீயரிங்கை விட்டுத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் இப்படிச் சேர்ந்து சிரித்துக்கொண்டே எழுபது கிலோமீட்டர் போனது அன்றைக்குத்தான்.

டைனோ வைத்திருந்தவர் பாலசுந்தரம் என்ற எஞ்சினீயர். தரைக்குள் பதித்த இரண்டு பெரிய இரும்பு உருளைகள் மேல் காரின் முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தினார். முன்னும் பின்னும் பட்டை போட்டு இழுத்துக் கட்டினார். மூக்குக்கு எதிரே ஆள் உயர மின்விசிறி. வண்டி நகரவே நகராது, ஆனால் சக்கரம் உருளையை உருட்டும், அந்த உருட்டலில் இருந்து மெஷின் பலத்தைக் கணக்கிடும்.

"அண்ணா, ஒண்ணு மொதல்லயே சொல்லிடறேன்" என்றார் அவர். "இது சக்கரத்துக்கு வந்து சேர்றதத்தான் காட்டும். எஞ்சின்ல பொறக்கறது வேற. கியர்பாக்ஸ் கொஞ்சம் துன்னுடும், ஆக்ஸில் கொஞ்சம் துன்னுடும், டயரு தன் பங்குக்குக் கொஞ்சம் துன்னும். எஞ்சினோட கணக்கு வேணும்னா நீங்களே போட்டுக்கணும்."

"மொத்தமா எவ்ளோ துன்னும் சார்?" என்று பிரமிளாதான் கேட்டாள்.

"முன்சக்கரம் இழுக்கற வண்டிதானேம்மா? நூத்துக்குப் பதினஞ்சு தருகுன்னு வெச்சுக்கோங்க. அதுவும் குத்துமதிப்புதான். பன்னெண்டுன்னு சொல்றவங்க இருக்காங்க, பதினெட்டுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நான் எல்லாருக்கும் பதினஞ்சுதான் சொல்றது."

சிரஞ்சீவி உள்ளே உட்கார்ந்து மிதித்தான். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அப்படி ஒரு சத்தத்தைப் பிரமிளா கேட்டதில்லை. நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுக் குலுக்குவது போல் இருந்தது. திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போய், உச்சியில் லேசாக வளைந்து இறங்கியது. மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்று தடவையும் எண்பத்தைந்தை ஒட்டியே நின்றது.

"எண்பத்தஞ்சு. சுத்தமான எஞ்சின் அண்ணா, கோடு பாருங்க எப்டி இருக்குதுன்னு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாலசுந்தரத்துக்குப் போன் வந்துவிட்டது. அவர் தெலுங்கில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

வீட்டில் எல்லாக் கணக்கும் பிரமிளாதான். பி.காம். படித்தவள். போனை எடுத்தாள்.

தருகு அவளுக்குப் புதிய சொல் இல்லை. நகரியில் அவள் பிறந்த வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடின. நெய்யும்போது நூல் சுருங்கும், கொஞ்சம் வீணாகும். அதைத்தான் அங்கே தருகு என்பார்கள். துணி எத்தனை மீட்டர் வேண்டுமோ அந்த எண்ணின் மேல் நூற்றுக்கு இத்தனை என்று தருகைச் சேர்த்து, அந்த நீளத்துக்குத் தறியில் பாவு நூல் ஓட்டுவார்கள். பத்து வயதிலிருந்தே நைனாவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் அவள். கை தானாகப் போயிற்று. எண்பத்தைந்து. அதில் நூற்றுக்குப் பதினைந்து, பன்னிரண்டே முக்கால். இரண்டையும் சேர்த்தால் தொண்ணூற்றேழே முக்கால்.

இரண்டேகால் குதிரை குறைந்தது.

சிரஞ்சீவி காரிலிருந்து இறங்கி வந்தான். முகம் வேர்வையில் மின்னியது. "எவ்ளோம்மே?" என்றான்.

"தொண்ணூத்தேழே முக்கால்."

அவன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "இன்னொருவாட்டி போடு."

போட்டாள். அதே எண்தான். போனைத் திருப்பி அவனிடம் காட்டினாள்.

"நூறு இல்லன்ற?"

"இல்ல மாமா."

"நல்லாப் பாத்துட்டுத்தானே சொல்ற?"

"ரெண்டு தடவ போட்டுட்டேனே" என்றாள். அழுகை வந்துவிடக் கூடாதே என்று குரலை இறுக்கிக்கொண்டாள். அது கறாராக வெளியே வந்தது.

"சரி. நீ சொன்னா சரி." அவன் கையைத் துடைத்த துணியை மடித்து மேஜை மேல் வைத்தான். "சண்முகம் அண்ணனுக்குச் சொல்லிடறேன்" என்று ரோட்டோரம் போய் நின்று போனில் பேசினான். அவள் தூரத்திலிருந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தவன், "ஆச்சு" என்று மட்டும் சொன்னான்.

திரும்பும் வழியில் ஏசி ஓடியது.

மாசி பத்தாம் தேதி அவன் விமானம் ஏறினான். கிளம்புகிற காலையில் பிரமிளா அவனுக்கு இட்லி கட்டிக் கொடுத்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று ஆடுகிறது என்று பிடித்து உட்காரவைத்துத் தைத்தாள். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். ஷெட்டை விட்டாயிற்று. வெள்ளைக் காரை மதனப்பள்ளிக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை தோறும் சிரஞ்சீவி போன் செய்வான். துன்னியா, தூங்கினியா, ஒடம்பு எப்டி. இவ்வளவுதான். முன்பெல்லாம் எஞ்சினைப் பற்றிப் பேசியே காதைத் தின்பவன் அங்கே போனபின் எஞ்சின் பேச்சையே எடுக்கவில்லை. லாரிக்கு டயர் மாற்றுகிறேன், கிரீஸ் அடிக்கிறேன் என்றான். பேச்சு மாதத்துக்கு மாதம் சிறுத்தது. இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, "இன்னொரு ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் பிரமி" என்றான்.

இவனுக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது, நான் தேவைப்படவில்லை என்று நினைத்தாள். "உன் இஷ்டம் மாமா" என்றாள்.

"ம். என் இஷ்டம்தான்" என்றான் அவன். அதற்கப்புறம் சில வெள்ளிக்கிழமைகள் போன் வரவே இல்லை.

மாங்காய்க் காலம் பிறந்தது. சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையில் பிரமிளாவுக்கு எடைமேடைச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. ஆனி மாதம் ரோட்டை அடைத்துக்கொண்டு டிராக்டர்கள் நிற்கும். மேடையில் ஏற்றி எடை போட்டு, அழுகலுக்கும் காம்புக்கும் நூற்றுக்கு ஐந்து தருகு கழித்து, மிச்சத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்று காலை பதினொன்றரைக்கு மின்சாரம் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தது. மீண்டும் வந்தபோது கடைசி வண்டியின் கழித்த எடை மட்டும் இருந்தது, மொத்த எடை இல்லை. அந்த வண்டிக்குச் சொந்தக்காரி செங்கம்மா, பிரமிளாவின் வயதுதான் இருக்கும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றாள்.

"மேடம், மொத்தம் எவ்ளோன்னு எழுதிக் குடு. தோட்டம் எனுக்கும் என் தம்பிக்கும் பொதுவு. எவ்ளோ காச்சிதுன்னு அவங்கிட்டச் சொல்லணும்."

கழித்தபின் ஒன்பதாயிரத்து ஐநூறு கிலோ. பிரமிளா அதன்மேல் நூற்றுக்கு ஐந்தைச் சேர்த்து, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து என்று எழுதி நீட்டினாள்.

செங்கம்மா சீட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அந்த இருவத்தஞ்சு கிலோவ நீ துன்னுட்டியா?"

"இன்னாக்கா?"

"மேடையில நின்னப்போ நானே பாத்தேனே. சரியா பத்தாயிரம். பத்து டன்னு."

"இல்லக்கா, ஒம்போதாயிரத்து ஐநூறு, அதுக்குத் தருகு அஞ்சு பர்சென்ட் சேத்தா..."

"அடக் கடவுளே" என்று சிரித்தாள் செங்கம்மா. பின்னால் நின்ற டிரைவர்களைத் திரும்பிப் பார்த்து, "படிச்சவங்க கணக்கப் பாருங்கய்யா!" என்றாள். "பெரிய குவியல்ல இருந்து அஞ்சு எடுத்த. திருப்பிப் போடும்போது சின்னக் குவியலுக்கு அஞ்சு போட்டா எப்டி மேடம் சரியா வரும்? எடுத்தது எதுலயோ, அதுலதான கணக்கு? நூறுல அஞ்சு போனா தொண்ணூத்தஞ்சு. அப்போ தொண்ணூத்தஞ்சு எதுல இருந்து வந்துச்சி? நூறுல இருந்து. மண்டியில மூட்ட தூக்கறவளக் கேட்டாகூடச் சொல்லுவாளே."

டிரைவர்கள் சிரித்தார்கள். பிரமிளாவும் சிரிக்கப் போனாள். பாதியில் வாய் அப்படியே நின்றது.

நூறில் பதினைந்து போனால்?

எண்பத்தைந்து.

கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. போன் தேவைப்படவில்லை. மூன்றாம் வகுப்புக் குழந்தை விரல்விட்டுச் சொல்லும் கணக்கு. எஞ்சினில் நூறு பிறந்து, வழியில் பதினைந்து தேய்ந்து, சக்கரத்துக்கு எண்பத்தைந்து வந்து சேர்ந்திருக்கிறது. பாவு ஓட்டுகிற வீட்டில் பிறந்தவள் அதைத் துணிமேல் சேர்க்கிற தருகு என்று நினைத்துவிட்டாள்.

செங்கம்மாவுக்குப் பத்தாயிரம் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பக்கத்து மேஜையில் வேலை செய்யும் அகிலாவிடம் மேடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மாங்காய்க் கொட்டகைக்குப் பின்னால் போனாள். புதன்கிழமை. அவன் வேலையில் இருப்பான். இருந்தாலும் போன் போட்டாள்.

"இன்னாமே இந்நேரத்துல? ஒடம்புக்கு இன்னா?" சிரஞ்சீவியின் குரலில் பதற்றம். அவன் அப்படிப் பதறிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"மாமா, அது நூறு."

"எது?"

"திருப்பதில வந்துச்சே எண்பத்தஞ்சு. அது நூறு மாமா. நான் தப்பாப் போட்டுட்டேன். தறிக் கணக்கு மாதிரி மேல சேத்துட்டேன். அத்த அப்டிப் போடக்கூடாது. நூறுல இருந்து..." அதற்குமேல் வரவில்லை.

அந்தப் பக்கம் யாரோ இரும்பில் அடிக்கும் சத்தம் கேட்டது. நான்கு அடி, ஐந்து அடி.

"தெரியும்" என்றான் சிரஞ்சீவி.

"இன்னா தெரியும்?"

"நூறுன்னு. அங்கயே தெரியும். எங்கம்மா குப்பம் மண்டியில இருவது வருசம் மாங்கா மூட்ட தூக்கினா. தருகுன்னா இன்னான்னு எனுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் மாமா சொல்லல?"

"ரெண்டுவாட்டி கேட்டேனே. நல்லாப் பாத்தியான்னு கேட்டேனே. நீ பி.காம். படிச்சவ, உனுக்கா தெரியாது? தெரிஞ்சேதான் கொறச்சிச் சொல்றன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு அப்டிச் சொல்லணும்?"

"நான் போணும்னு உனுக்கு ஆச. அத்த வாயால சொல்ல முடியாம கணக்கால சொல்றன்னு நெனச்சேன். அதுக்கு ரெண்டு நாள் முந்தி உங்கம்மாகிட்டப் பேசிக்கினு இருந்த. போனாத்தான் இன்னா, ரெண்டு வருசம் ஓடிப்பூடும்ன. நான் வாசல்லதான் இருந்தேன்."

"ஐயோ, அது அம்மா அழுதுச்சின்னு..."

"சண்முகம் அண்ணன்கிட்ட எண்பத்தஞ்சுன்னுதான் சொன்னேன். அவரு ஒடனே, நூறு அடிச்சிட்டடா, எப்போ வர்றன்னாரு. நான் வரலண்ணே, வீட்ல இஷ்டம் இல்லன்னுட்டேன்."

ரோட்டோரம் நின்ற அந்த முதுகு பிரமிளாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் அழுதாள். மாங்காய் வாசனையும் டீசல் வாசனையும் கலந்த அந்த இடத்தில், சுமை இறக்குகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற நினைப்புகூட இல்லாமல் அழுதாள்.

"வந்துடு மாமா" என்றாள்.

"கையெழுத்துப் போட்டாச்சேம்மே. பாஸ்போர்ட்டு அவங்ககிட்ட இருக்குது. அடுத்த வருசக் கடைசிக்கு முன்னாடி உட மாட்டாங்க." குரல் தழைந்தது. "சண்முகம் அண்ணன்கிட்டயும் இப்போ வேற ஆளு. ரெண்டு வருசம் எடம் காலியா இருக்குமா?"

"மறுபடியும் ரெண்டு வருசம்னு நீ சொன்னப்போ நான் செத்தே பூட்டேன்."

"உன் இஷ்டம்னுதானே சொன்ன. நீ வேணாம்னு சொல்லுவன்னுதான் அப்டிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொன்னப்போ போட்டிருக்கல. மறுநாள்தான் போட்டேன்."

பிரமிளா கண்ணை மூடிக்கொண்டாள். எடைமேடைப் பக்கம் டிராக்டர்கள் ஹார்ன் அடித்தன. அகிலா எங்கிருந்தோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஏன்மே, போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அன்னிக்கே?"

"எண்ணு சொல்லிடும்னு இருந்தேன்."

"நானும் அப்டித்தான் இருந்தேன்" என்றான் அவன். பிறகு வெகு மெதுவாக, "இப்போ சொல்லேன்" என்றான்.

"இப்போ சொல்லி இன்னா மாமா?"

"சும்மா சொல்லு. கேக்கறேன்."

அவன் போய் இரண்டேகால் வருஷம் ஆகியிருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு லாரியின் கீழே படுத்திருந்தவனிடம், பிரமிளா அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொன்னாள்.

"போவாத மாமா."

"ம்" என்றான். மூச்சு மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ இந்தியில் அவனைக் கூப்பிட்டார்கள். "வெச்சுடட்டா?" என்றான்.

அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அவன் போனான்.